எவ்வளவுங்க குடுக்குது?

கோயம்புத்தூர்க்காரரிடம் புதுக் கார் வாங்கியிருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். என்ன கலர் என்று கேட்கமாட்டார். எத்தனை குதிரை சக்தி என்றும் கேட்கமாட்டார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்து, சந்தைக்கு வந்த மாட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எவ்வளவுங்க குடுக்குது?"

பசு எத்தனை லிட்டர் கொடுக்கிறது என்பதும், கார் லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது என்பதும் எங்கள் சீமையில் ஒரே இலக்கணம்தான்.

என்னிடம் இதைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு, ஆடியில் எவ்வளவு, ஐப்பசியில் எவ்வளவு என்று நாலு பதில் வைத்திருக்கிறேன். "ஒரு கேள்விதானுங்க கேட்டேன்" என்று பாதியில் கழன்றுகொள்கிறவர்கள்தான் அதிகம். உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை. பக்கத்தைத் திருப்பினால் விளம்பரம்தான் இருக்கும். உட்காருங்கள்.

வீடு வடவள்ளியில். வேலை பெருந்துறை சிப்காட்டில், ஒரு நூல் மில்லின் அக்கவுண்ட்ஸ் பிரிவில். போக 85 கிலோமீட்டர், வர 85. வாரத்தில் ஆறு நாள். மாதத்துக்கு 4,000 கிலோமீட்டர் சொச்சம். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடியும் வேண்டாம், ஊர் மாற்றமும் வேண்டாம். மகள் இரண்டாவது படிக்கிறாள், ஒன்பது மணி அடித்தால் தூங்கிப்போகிறவள். ஆக, குடும்பம் நகராது. நகர வேண்டியவன் நான்.

2022 கடைசியில் இந்த வேலை வந்தபோது கொஞ்ச நாள் பஸ்ஸில் போனேன். காந்திபுரத்தில் ஏறி, பெருந்துறை பைபாஸில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வீடு திரும்ப ராத்திரி பத்தரை. மகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்த நிலையில் பார்த்தேன். அவளும் என்னை ஒரு ஒரம்பரையைப் பார்க்கிற மாதிரி கதவோரம் நின்று பார்க்க ஆரம்பித்தாள். பிறகு வீட்டிலிருந்த பழைய பெட்ரோல் காரை எடுத்துப் பார்த்தேன். அது லிட்டருக்கு 12. பெட்ரோல் கணக்குக்கு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 33,000 ரூபாய்! சம்பளத்தை வாங்கி நேராக பங்க் முதலாளியிடம் கொடுத்துவிட்டு நான் நடந்தே வீட்டுக்கு வரலாம்.

அப்போதுதான் வீட்டில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மனைவிதான் கணக்கு டீச்சர், நான் வெறும் அக்கவுண்டன்ட். "ஏனுங்க, பெட்ரோல் மாசம் இருபதாயிரத்தைத் தாண்டுச்சுன்னா பேசாம பெருந்துறையில ரூம் எடுத்துத் தங்கிக்கங்க. சனிக்கிழமை வந்தாப் போதும்" என்றாள். இருபதாயிரம் என்றால் 200 லிட்டர். 4,000 கிலோமீட்டரை 200 லிட்டரில் ஓட்ட வேண்டும். லிட்டருக்கு 20. அதுதான் கோடு. கோட்டுக்கு மேலே என்றால் மகள் முகம். கீழே என்றால் பேச்சிலர் ரூம், மெஸ் சாப்பாடு, கொசுவர்த்தி.

இப்படியாகத்தான் 2023 பிப்ரவரியில் ஹைபிரிட் கார் ஒன்று எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பின்னால் நான் சொல்லப்போகிற சில சமாச்சாரங்களுக்கு அவர்கள் வருத்தப்படக்கூடும்.

ஹைபிரிட் என்றால் ஏதோ நேற்று ஜப்பான்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினையும் எலெக்ட்ரிக் மோட்டாரையும் ஒரே வண்டிக்குள் குடித்தனம் வைக்கிற வேலையை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே செய்து பார்த்துவிட்டார். டொயோட்டா அதை பிரியஸ் என்ற பெயரில் ஜப்பானில் கடைக்குக் கொண்டுவந்தது 1997-ல். நம் நாட்டுக்கு 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும், 2010-ல் பிரியஸும் வந்தன. விலையைக் கேட்டவர்கள் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மாதச் சம்பளக்காரன் இ.எம்.ஐ. போட்டாவது தொட்டுப் பார்க்கலாம் என்று ஆனது 2022-ல்தான். ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா மூன்றும் அந்த ஒரே வருஷத்தில் ஹைபிரிட்டாக வந்தன. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடியே செய்தார்கள். நான் முழுசாகக் கட்டினேன். எல்லாம் பிறந்த ஊர் பலன்.

வண்டி வந்த முதல் வாரம் எதிர் வீட்டுக்காரர் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "சார்ஜ் போட வயர் எட்டலைன்னா எங்க ஊட்ல இருந்து இழுத்துக்கங்க சார். கரண்ட் பில்ல பாத்துப் போட்டுக் குடுங்க."

நல்ல மனுஷர். ஆனால் இதற்கு ப்ளக்கே கிடையாது. உள்ளே இருக்கிற பேட்டரி, வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. சாயங்காலம் ஏ.சி. போட்டு ஒரு சினிமா பார்த்தால் தீர்ந்துவிடும். அந்தத் துளியூண்டு கரண்டை வைத்துக்கொண்டுதான் அத்தனை வித்தையும். கிளம்பும்போதும் ஊர்ந்து போகும்போதும் மோட்டார் ஓட்டும். வேகம் பிடித்தால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். இறக்கத்தில் இன்ஜின் தூங்கப் போய்விடும். பிரேக்கைத் தொட்டால் அதே மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகப் போகிற வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரியில் போட்டுக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் அப்பத்தா மாதிரி. கழுவின அரிசித் தண்ணியையும் கீழே கொட்டாது.

முதல் தடவை அம்மாவை மருதமலைக்கு அழைத்துப் போனபோது தெரு முனை வரை சத்தமே இல்லை. அம்மா என் தோளைத் தட்டி, "கண்ணு, வண்டி ஓடாமயே போவுது சாமி!" என்று கலவரப்பட்டாள். இதைவிடச் சரியாக எந்த இன்ஜினீயரும் இந்த வண்டியை விளக்கியதில்லை.

சரி, எவ்வளவு கொடுக்கிறது?

கம்பெனிப் புத்தகத்தில் 27 சொச்சம் போட்டிருக்கிறது. அது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடுகிற பட்டங்கள் மாதிரி. பொய் என்று சொல்ல முடியாது, குடித்தனம் நடத்தும்போது அவ்வளவு தெரியாது. டாஷ்போர்டு காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்புவதில்லை. அது எப்போதும் ஒன்று, ஒன்றரை கூடுதலாகத்தான் பேசும். ஃபுல் டேங்க் போட்டு, அடுத்த ஃபுல் டேங்க்குக்கு எத்தனை லிட்டர் பிடித்தது என்று நோட்டில் எழுதி வகுத்துப் பார்ப்பதுதான் என் முறை. ஒரே பங்க், ஒரே பம்ப். பங்க் பையன் என்னைப் பார்த்தாலே "ஆட்டோ கட்டுக்கு மேல ஒரு சொட்டு விடமாட்டேங்ணா" என்று சத்தியம் செய்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

காலையில் 25 கொடுக்கும். அதே ரோடு, அதே ஆள், சாயங்காலம் 21. ஆரம்பத்தில் நானும் குழம்பினேன். பிறகுதான் பூகோளம் புரிந்தது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம். ஈரோடு 183. காலையில் கிழக்கே போவது பொதுவாக இறக்கம். சாயங்காலம் வீட்டுக்கு வருவது ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோல் முள்ளுக்குத் தெரியும். இது போதாதென்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வேறு. ஆனியிலிருந்து ஆவணி வரை அது அடிக்கிற அடிக்குத்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள். ஆபீஸ் போகும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். வீடு திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். உலகத்திலேயே ஆபீஸுக்கு ஆசையாகப் போய், வீட்டுக்கு முனகிக்கொண்டு வருகிற ஒரே ஜீவன் என் கார்தான்.

2025-லிருந்து பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. முன்பெல்லாம் எதிரே கரும்பு லாரி வந்தால் பொங்கல் ஞாபகம் வரும். இப்போது, 'அதோ என் மைலேஜில் அரை கிலோமீட்டர் போகிறது' என்று தோன்றுகிறது.

ஹைபிரிட் வாங்கப் போகிறவர்களுக்கு, ஷோரூமில் சத்தமாகச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது டவுன் வண்டி. நின்று நின்று போகிற இடத்தில்தான் சமர்த்து. நான்குவழிச் சாலையில் 100-ல் விரட்டினால் பிரேக் பிடிக்க வாய்ப்பே இல்லை, கரண்ட் சேர வழியில்லை, எல்லா வண்டி மாதிரியும் பெட்ரோலைக் குடிக்கும். நான் அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ், நவ இந்தியா என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று மைலேஜ் சேர்த்துக்கொண்டிருந்தவன். 2025 அக்டோபர் 9-ம் தேதி உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் திறந்து ஜி.டி.நாயுடு பெயரையும் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் விட்டு ஆரம்பித்தவர் அல்லவா? ஊரே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன், நேரம் மிச்சம் என்று. வண்டிதான் கொஞ்சம் முகம் சுருங்கியது.

ஹைவேயில் காற்றின் தடை வேகத்தின் இருமடி மாதிரி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். என் நோட்டுக் கணக்குப்படி 80-ல் 24 கொடுக்கிறது, 100-ல் 19. நீலாம்பூர் தாண்டி இருக்கிற 70 கிலோமீட்டரில் 100-ல் போனால் மிச்சமாவது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தின் விலை 77 ரூபாய்.

காலையில் அந்த வியாபாரத்துக்கு நான் தயாரில்லை. இடது லேனில் 80. என்னை முந்தாத வண்டியே கிடையாது. ஈரோடு பஸ், சேலம் பஸ், சிமெண்ட் லாரி, பிராய்லர் கோழி ஏற்றிய டெம்போ... கூண்டுக்குள்ளிருந்து அத்தனை கோழிகளும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போகும். அறுபடப் போகிற கோழிகளே நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிற நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

அவிநாசி பாலத்தடியில் ஏறிக்கொள்கிற எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணனுக்குத்தான் இது தாங்காது. "தம்பி, ஒரு கோழி வண்டியயாவது முந்துங்க தம்பி. மானம் போவுது" என்பார். (பெட்ரோலுக்குப் பங்கு தருவதில்லை. ஆலோசனை மட்டும் தினமும் முழு டேங்க்.)

சாயங்காலம் கதை வேறு. மில்லை விட்டு வெளியே வர ஏழு ஆகிவிடும். ஒன்பது மணிக்குள் வடவள்ளி. ஏற்றம், எதிர்க்காற்று, செங்கப்பள்ளி தாண்டினால் இருட்டு. 80-ல் போனால் மகள் தூங்கியிருப்பாள். 100-ல் போனால் கோடு தாண்டும். கோடு தாண்டினால் மகளையே சனிக்கிழமைதான் பார்க்கலாம். மைலேஜைக் காப்பாற்றுவது எதற்காகவோ, அதற்கே மைலேஜ் இடைஞ்சல். மூன்று வருஷமாக நான் 90-ல் வந்துகொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

டோல்கேட் சமாச்சாரத்தையும் சொல்ல வேண்டும். கணியூரில் ஒன்று, விஜயமங்கலத்தில் ஒன்று. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக்கில் வருஷ பாஸ் வந்தது. அப்போது 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை. ஐம்பது நாளில் என் 'வருஷம்' முடிந்துவிடும். நான்தான் சீக்கிரம் கிழவனாகப் போகிறேன் போலிருக்கிறது.

இனி பராமரிப்பு. பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் மற்றவர்களுக்கு வருஷம் ஒன்று. எனக்கு இரண்டரை மாதத்துக்கு ஒன்று. இதுவரை பதின்மூன்று. டயர் இரண்டு செட் முடிந்து மூன்றாவது. ஆனால் பாருங்கள், பிரேக் பேட் இன்னும் கம்பெனியில் போட்டதே ஓடுகிறது. பாதி வேகத்தை மோட்டாரே பிடித்துவிடுவதால் பேடுக்கு வேலையில்லை. பிரேக்கை மிதிக்கக் கூடாது, தடவ வேண்டும். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு மெல்லத் தடவினால் அத்தனையும் பேட்டரிக்கு. கடைசி நிமிஷத்தில் ஓங்கி மிதித்தால் பாதி சூடாகி டிஸ்க்கில் போய்விடும். இதில் ஸ்டார்ட்டர் மோட்டார் தனியாகக் கிடையாது, ஆல்டர்நேட்டர் கிடையாது, காலால் மிதிக்கிற கிளட்சும் கிடையாது. இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாது என்பது இந்த வண்டியின் பெரிய சௌகரியம்.

ரிப்பேர் ஆனது என்ன தெரியுமா? சாதாரண 12 வோல்ட் பேட்டரி! பெரிய பேட்டரி எவ்வளவு கில்லாடியாக இருந்தாலும், வண்டியை எழுப்பி விடுவது இந்தச் சின்னவன்தான். 2025 பொங்கலுக்கு கோபியில் மாமனார் வீட்டில் நாலு நாள் நிறுத்தியிருந்தேன். கிளம்புகிற அன்று பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. மாமனாருக்கு முதலிலிருந்தே இந்த வண்டி மேல் நம்பிக்கை கிடையாது. அவர் டீசல் ஜாதி. ஒன்றும் பேசாமல் போய் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். கார் உடனே கண் விழித்தது.

"பாத்தீங்களா மாப்ள... என்ற டிராக்டர்தான் உங்க கம்ப்யூட்டர் காருக்கு உசுரு குடுத்துருக்குதுங்!"

இன்றைக்கும் கோபி பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

அது வேடிக்கை. வேடிக்கை இல்லாதது போன ஏப்ரலில் வந்தது. கொஞ்ச நாளாகவே பின் சீட்டுப் பக்கம் 'உய்ய்ய்' என்று ஒரு ஃபேன் சத்தம். செங்கப்பள்ளி அருகே, மத்தியான வெயிலில், டாஷ்போர்டில் ஹைபிரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொல்லி மஞ்சள் எழுத்து. ஏ.சி.யை அணைத்து, உருட்டிக்கொண்டு போய் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரி அதிகமாகச் சூடாகிறது, மாற்ற வேண்டி வரலாம் என்று ஆறு இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டே என்றேன். காற்று வரும் வழி அடைத்திருந்தால் அது பராமரிப்புக் குறைவு, வாரண்டியில் வராது என்றார்கள். பதின்மூன்று சர்வீஸும் அவர்களிடம்தான். அந்த வழியை ஒரு தடவையாவது திறந்து பார்த்ததாக எந்த பில்லிலும் இல்லை.

அன்று ராத்திரி நானும் மனைவியும் ரூம் வாடகைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மகள் நடுவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவள் காதில் விழாத மாதிரி எண்களை மட்டும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் கணபதியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனேன். கார் மெக்கானிக் இல்லை; பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். 1937-லேயே எலெக்ட்ரிக் மோட்டார் செய்த ஊர் இது. மோட்டார் என்றால் எங்கள் ஆட்கள் பயப்படமாட்டார்கள். ஆனால் அவரும் ஆரஞ்சு வயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதத் தொடமாட்டனுங்க. அது படிச்சவன் வேல. காத்து எங்க போவுதுன்னு மட்டும் காட்டுங்க."

பின் சீட்டோரம் இருந்த சல்லடை மூடியைக் கழற்றினார். உள்ளே ஃபில்டர். வெளியே எடுத்தால் அது ஃபில்டராக இல்லை, தலையணையாக இருந்தது. பஞ்சு! மூன்று வருஷமாக என் சட்டையிலும் ஸ்டோர்ஸ் அண்ணன் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வந்த மில் பஞ்சு அத்தனையும் அங்கே போய்க் குடியேறியிருந்தது. விரித்தால் ஒரு குழந்தைக்கு மெத்தை தைக்கலாம். பிரஷ்ஷை வைத்து நிதானமாகச் சுத்தம் செய்தார். "மோட்டாரோ பேட்டரியோ, காத்துப் போவோணுங்க. கெணத்து மோட்டாரா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன. மூச்சடைச்சா எதுவுஞ் சூடாகும்" என்றார். டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் எழுத்து போய்விட்டது. வேறொரு ஊரில் பேட்டரியின் ஆரோக்கியத்தைத் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். எல்லா செல்லும் ஒரே அளவில் நிற்கிறது, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இப்போது மீட்டர் 1,38,000-ஐத் தாண்டிவிட்டது. வாரண்டி முடிய இன்னும் 22,000. என் ஓட்டத்துக்கு ஐந்தரை மாதம். அதற்குள் தள்ளிவிடு என்று ஊரே சொல்கிறது. மாமனார் ஒரு புரோக்கரையே அனுப்பினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, "ஓட்டம் சாஸ்திங்களே... பேட்டரி போனா ஆரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு ஒரு விலை சொன்னார். டிராக்டர் பேட்டரி கதை அவருக்கும் தெரிந்திருந்தது.

விற்கப் போவதில்லை. பிரியஸ் வண்டிகள் வெளிநாடுகளில் டாக்ஸியாக மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கின்றன. அங்கே பஞ்சு பறக்காது என்பது உண்மைதான். அதற்குத்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்குவம் க்ளீனரோடு பின் சீட்டில் தலைகீழாகக் கிடக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி.யும் ஆரம்பித்திருக்கிறேன். "பொண்ணு பேர்ல போடுங்கன்னு நாலு வருஷமாச் சொல்றேன், பேட்டரி பேர்ல போட்டுட்டு வந்திருக்கீங்க" என்கிறாள் மனைவி. ஸ்டோர்ஸ் அண்ணனுக்கும் ஒரு சட்டம் போட்டாயிற்று: காரில் ஏறும் முன் சட்டையை உதற வேண்டும். மில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு நிற்பதை வாட்ச்மேன் வேறுவிதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் 22.6. நோட்டில் இப்போதெல்லாம் எழுதுவது மகள்தான். வண்டி வந்து நின்றதும் ஓடி வந்து, முன் சீட்டில் ஏறி, மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். நேற்று 1,38,412 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் நேரமும் போட்டிருக்கிறாள்: 8.51.